வோலான்டெக்ஸ் ஸ்போர்ட் கப் 500: ஒரு காயில் கடைக்காரரின் ஆறு மாத அனுபவம்

உடுமலைப்பேட்டை பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் என்று கருகி வருவதைப் பிரித்து, கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றித் திருப்பிக் கொடுப்பது தொழில். வயது 47. போன தை மாதத்திலிருந்து விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து, கையில் ஒரு குட்டி விமானத்தோடு மக்காச்சோளக் களத்துக்குப் போகிறேன். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

ஆரம்பித்தது பையன். ஒன்பதாம் வகுப்பு. ரிமோட்டில் பறக்கும் விமானம் வேண்டும் என்று தீபாவளியிலிருந்தே நச்சரிப்பு. விசாரித்தபோது கோவையில் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி தன்னுடைய பழைய விமானத்தை விற்பதாகத் தெரிந்தது. அதுதான் இந்த வோலான்டெக்ஸ் ஸ்போர்ட் கப் 500. விமானம், ரிமோட், இரண்டு பேட்டரி, யூஎஸ்பி சார்ஜர், உபரியாக ஒரு புரொப்பெல்லர், எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய். பழையது எதற்கு என்று கேட்பீர்கள். முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரியில் அரசு தடைசெய்துவிட்டது. ட்ரோன் என்றால் நாலு விசிறி வைத்தது மட்டும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். விதிப்படி ஆள் ஏறாமல் பறக்கும் விமானமும் அதே கணக்குதான். அதனால் வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போட்டுவிட்டு கஸ்டம்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு மனசில்லை.

கப் என்றதும் டீ கப் ஞாபகம் வரும். இது குட்டி என்கிற அர்த்தத்தில் வரும் கப் (Cub). இதற்கு மூதாதை அமெரிக்காவின் பைப்பர் ஜே-3 கப். 1938 முதல் 1947 வரை கிட்டத்தட்ட 20,000 விமானங்கள் அந்த மாடலில் வந்திருக்கின்றன. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அங்கே விமானம் ஓட்டக் கற்றவர்களில் பெரும்பாலோர் அந்த மஞ்சள் விமானத்தில்தான் கற்றார்கள். இறக்கை உடம்புக்கு மேலே, தலையில் சும்மாடு வைத்ததுபோல உட்கார்ந்திருக்கும். இந்த வடிவம் லேசில் கவிழாது. இந்த பொம்மையிலும் அதே வடிவம். வாலுக்கடியில் சின்னச் சக்கரம், முன்னால் இரண்டு சக்கரம்.

இறக்கை முனையிலிருந்து முனைவரை 500 மில்லிமீட்டர். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நாலு சேனல். அதாவது மோட்டார் வேகம், மூக்கை ஏற்றி இறக்குவது, உடம்பைச் சாய்ப்பது, வாலைத் திருப்புவது என நாலும் தனித்தனியாக நம் கையில். மலிவாகக் கிடைக்கும் இரண்டு சேனல், மூன்று சேனல் விமானங்களில் சாய்ப்பதற்கான சேனல் இருக்காது. அதில் பழகிவிட்டு அடுத்ததுக்குப் போனால் கை பாதியை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். இதை வாங்கச் சொல்வதற்கு எனக்குப் பெரிய காரணம் அந்த நாலாவது சேனல்தான்.

ரிமோட்டில் மூன்று நிலைகள். உள்ளே விமானத்தின் சாய்வை உணர்ந்து சரிசெய்யும் ஒரு ஜைரோ போர்டு இருக்கிறது. முதல் நிலையில் குச்சியை முழுக்கத் தள்ளினாலும் விமானம் கொஞ்சம்தான் சாயும். கையை எடுத்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும். இரண்டாவது நிலையில் கயிறு இன்னும் கொஞ்சம் நீளம். மூன்றாவதில் பிடிப்பு எதுவும் கிடையாது, எல்லாம் உங்கள் பாடு. இது தவிர ஒரு சாகச பட்டன். அதை அழுத்திக் குச்சியைத் தள்ளினால் விமானம் ஒரு குட்டிக்கரணம் போட்டு நிமிரும். கூட்டம் சேர்ந்தால் காட்ட நல்லது. கற்றுக்கொள்வதற்கு அதனால் ஒன்றும் இல்லை.

முதல் நாளே அசடு வழிந்தேன். ரிமோட்டை முதலில் ஆன் செய்து, அப்புறம் விமானத்தில் பேட்டரியை மாட்டி, சமமான தரையில் சில நொடி அசையாமல் வைக்க வேண்டும். ஜைரோ அப்போதுதான் எது மட்டம் என்று மனதில் வைத்துக்கொள்கிறது. நான் கையில் பிடித்துக்கொண்டே பேட்டரியை மாட்டினேன், அதுவும் சாய்வாக. அது அந்தச் சாய்வையே மட்டம் என்று நம்பிவிட்டது. எறிந்ததும் இடப்பக்கம் வட்டமடித்து தார்ப்பாய் போட்டு மூடியிருந்த சோளக் குவியலில் போய் உட்கார்ந்தது. பையன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது முயற்சியில் பறந்தது. காற்றுக்கு எதிர்முகமாக நின்று, மோட்டாரை முக்கால்வாசி வைத்து, அம்பு மாதிரி மேலே எறியாமல் தரைக்கு இணையாகத் தள்ளிவிட வேண்டும். மேல் நோக்கி எறிந்தால் வேகம் பிடிப்பதற்குள் மூக்கு தூக்கி, இறக்கையின் தூக்கும் சக்தி போய் அப்படியே விழும். களத்தில் ஓடவிட்டும் ஏற்றலாம். சிமென்ட் களம் என்றால் நாலைந்து மீட்டரிலேயே கிளம்பிவிடுகிறது. உழுத கரிசலில் சக்கரம் உருளாது.

முதல் நிலையில் மூன்று வாரம் ஓட்டினேன். நிஜமாகவே ஒன்றும் உடையவில்லை. பெரிய பைலட் ஆகிவிட்டேன் என்று தோன்றியது, கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லவும் ஆரம்பித்தேன். இந்தப் பொருளில் நான் குறை என்று சொல்வது ஒன்றுதான், அதுவும் அதன் நல்ல குணத்திலிருந்தே வருகிறது. ரொம்பவும் பொறுத்துக்கொள்கிறது. நாம் செய்யும் தப்பை அது சரிசெய்கிறது, நாம் சரியாகச் செய்தோம் என்று நினைத்துக்கொள்கிறோம். மூன்றாவது வாரக் கடைசியில் மூன்றாவது நிலைக்கு மாற்றினேன். இரண்டாவதைத் தாண்டிக் குதித்தது என் கொழுப்பு. பதினைந்து நொடிகூட ஆகியிருக்காது.

சிக்கல் எங்கே என்று சொல்கிறேன். விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது பிரச்சினையே இல்லை. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் அதுவும் வலப்பக்கம் சாய்கிறது. திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது அதன் வலது நம் இடது ஆகிவிடுகிறது. இது மூளைக்குத் தெரியும். விரலுக்குத் தெரியாது. சாய்வதைப் பார்த்துப் பதறி எதிர்ப்பக்கம் தள்ளுகிறோம், அது இன்னும் சாய்கிறது, இன்னும் தள்ளுகிறோம், தரை வந்துவிடுகிறது. நான் பேசிப் பார்த்த எல்லாப் புதுசுகளும் இதே இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள்.

விற்ற தம்பிக்கே போன் செய்தேன். "ஏனுங்ணா, அது எந்தப் பக்கம்னு யோசிக்காதீங்க. எந்த இறக்கை கீழ வருதோ, உங்க கண்ணுக்கு எந்தப் பக்கம் தெரியுதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்க. நிமிந்துக்கும்" என்றார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வாழைக்கு முட்டுக் கொடுப்பதுதான். மரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தானே சவுக்குக் கழியை ஊன்றுவோம். எதிரே வரும்போது தாழ்கிற இறக்கைக்கு முட்டு. இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே பத்து நாள் ஓட்டினேன். பதினோராம் நாள் சொல்ல மறந்துவிட்டேன், கை தானாகச் செய்தது.

இதைக் காசில்லாமல் பழகவும் வழி இருக்கிறது. பிகாசிம் என்று ஒரு சிமுலேட்டர், போனிலேயே ஓடும், இலவசம். திரையில் இரண்டு குச்சி வரும். பையன் அதில் ஒரு வாரம் விமானத்தை எதிர்முகமாக வரவழைத்து வரவழைத்து விழவைத்துக்கொண்டிருந்தான். விளையாட்டு என்று நினைத்துத் திட்டினேன். களத்துக்கு வந்தபோது அவன் இரண்டாவது நிலையில் நேராக எட்டுப் போட்டான், நான் வேடிக்கை பார்த்தேன்.

இப்போது தென்னை மரக் கதை. களத்துக்குக் கிழக்கே ஒரு தோப்பு. ஒரு நாள் காற்று கொஞ்சம் இழுத்தது, விமானம் தோப்புப் பக்கம் போய்விட்டது, நான் திருப்புவதற்குள் ஒரு மட்டைக்கு நடுவில் சொருகிக்கொண்டது. பதற்றத்தில் ஓடினேன். ஓடும்போது இடது குச்சியைக் கீழே இறக்கவில்லை. அதாவது மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது, புரொப்பெல்லர் மட்டையில் சிக்கிச் சுற்ற முடியாமல் நிற்கிறது. 25 வருடமாக நான் விவசாயிகளிடம் சொல்லும் ஒரே பாடம் இது: ஜாம் ஆன மோட்டார் சும்மா நிற்காது, ஓடுவதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், கருகும், சத்தம் வித்தியாசமாக இருந்தால் முதலில் ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ணு. மேலேயிருந்து ங்ங்ங் என்று சத்தம் என் காதிலேயே விழுந்தது. மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தபோதுதான் உறைத்தது. மோட்டார் போச்சு.

மரம் ஏறுகிறவர் அடுத்த நாள்தான் வந்தார். இறக்கிக் கொடுத்து நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, "இந்தத் தோப்புல காயைவிட உங்க ஏரோப்ளேன்ல வருமானம் போலிருக்கே" என்றார். அதற்கப்புறம் இரண்டு தடவை அவர் சொன்னது பலித்தது.

கருகிய மோட்டாரைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? அது கோர் இல்லாத மோட்டார். நம்முடைய மோட்டாரில் இரும்புத் தகடு அடுக்கி அதன் காடியில் கம்பி சுற்றுவோம். இதில் அந்த இரும்பு அடுக்கே கிடையாது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான கம்பியைக் கூடை பின்னியதுபோல ஒரு குழலாகச் சுற்றியிருக்கிறார்கள். காந்தம் அந்தக் கூடைக்குள்ளே. சுற்றுவது கம்பிக் கூடை மட்டும், அதனால் எடையே இல்லை, குச்சியைத் தொட்டதும் வேகம் எகிறுகிறது. அழகான வேலை. ஆனால் திரும்பச் சுற்றிக் கட்ட முடியாது, நானே சொல்கிறேன். சுற்றும் கூடைக்கு உரசி உரசிக் கரண்ட் கொடுக்கும் பிரஷ் வேறு இருப்பதால் ஒழுங்காக ஓட்டினாலும் தேய்மானம் உண்டு. வாங்கும்போதே ஒரு உபரி மோட்டாரும் நாலு புரொப்பெல்லரும் சேர்த்து வாங்கி வைப்பது நல்லது. மூக்கு இடித்தால் புரொப்பெல்லர் கழன்று தப்பிக்கும்படி ஒரு ஏற்பாடு இதில் இருக்கிறது, அது பல தடவை காப்பாற்றியது. கழன்று புல்லில் விழுந்ததைத் தேடுவதுதான் பாடு. எங்களிடமிருந்த கறுப்புப் புரொப்பெல்லர் முனையில் பையன் ஆரஞ்சு பெயின்ட் அடித்தான்.

பெரிய விமானங்களில் வருவது பிரஷ் இல்லாத மோட்டார். அதில் நம்ம போர் மோட்டார் மாதிரியே மூன்று வயர். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏதாவது இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும், அதுவும் அப்படியே. இதைக் கேட்டதும் எனக்கு அடுத்த விமானத்தின் மேல் கண் போனது உண்மை.

உடம்பு பார்ப்பதற்குத் தெர்மாகோல் போல இருக்கும், ஆனால் அது மாதிரி உதிராது, வளைந்து கொடுக்கும் நுரை. வாலை நான் ஒரு தடவையும் இறக்கையைப் பையன் ஒரு தடவையும் உடைத்தோம். பார்சல் டேப் போட்டு ஒட்டினோம், இன்றும் பறக்கிறது. ஒட்டுப் போடுகிறேன் என்று டேப்பாகச் சுற்றிக்கொண்டே போகாதீர்கள், வால் கனத்தால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். விரலில் இறக்கைக்கடியில் தாங்கிப் பார்த்தால் மூக்கு லேசாகக் கீழே இருக்க வேண்டும்.

பேட்டரி 3.7 வோல்ட், 400 மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh, எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு). கம்பெனி கணக்கு 15 நிமிடம். காற்றில்லாத காலையில் பாதி வேகத்தில் சுற்றினால் அதற்குப் பக்கத்தில் வருகிறது. நான் 10 நிமிடத்துக்குப் போனில் அலாரம் வைத்துவிட்டு இறக்கிவிடுவேன். லித்தியம் பேட்டரியைச் சொட்டுக்கூட மிச்சமில்லாமல் காலி செய்தால் அது திரும்ப எழுந்து வராது. தென்னை மரத்தில் ஒரு இரவு தொங்கியதில் ஒன்று அப்படித்தான் உப்பிப்போனது. பறந்து இறங்கியதும் சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடக் கூடாது, கால் மணி நேரம் ஆற வேண்டும். உபரிக்காக ஆன்லைனில் ஒரு கடையில் 600 என்று எழுதிய இரண்டு பேட்டரி வாங்கினேன். பெயர் வேண்டாம். பழைய 400-ஐவிடச் சீக்கிரம் இறங்குகிறது. கடையில் இருந்த மீட்டரில் வைத்துப் பார்த்தேன், 350-ஐத் தாண்டவில்லை. ஸ்டிக்கருக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் காற்று. இதை எங்கள் ஊர்க்காரன் சொல்லாமல் யார் சொல்வது? மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்கு நேராக சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக எங்கள் மேல்தான் கொட்டும். பூளவாடி, குடிமங்கலம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமே அது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். இந்த விமானம் அம்மியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எடைகூட இருக்குமோ என்னவோ. வைகாசி கடைசியில் ஒரு நாள் எறிந்தேன். முழு மோட்டாரில் முன்னால் போகிறது, ஆனால் நான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் நகர்கிறது. அப்படியே பின்னோக்கிப் பறந்து ஒரு வரப்பில் உட்கார்ந்தது. கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் தை முதல் பங்குனிக்குள், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வேப்ப இலை ஆடினால் திரும்பி வந்துவிடுங்கள். இதையே கொஞ்சம் பெரிய, ஒரு மீட்டர் இறக்கை விமானம் தாங்கும். ஆனால் அது விழுந்தால் அதற்கும் வலி, கீழே நிற்பவருக்கும் வலி.

காற்று இல்லாத நாளிலும் ஒரு எதிரி உண்டு. கரிச்சான். பருந்தையே கொத்தி விரட்டுகிற ரெட்டைவால் குருவி, மின்கம்பியிலிருந்து கிளம்பி இதன் வாலைத் துரத்தோ துரத்தென்று துரத்தியது. பங்குனியில் ஆரம்பித்து, கூடு கட்டும் காலம் முழுக்க அந்தக் கம்பிப் பக்கம் போவதில்லை என்று எனக்கும் அதற்கும் ஒப்பந்தம்.

சட்டம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை. இது அதற்கு ரொம்பவே கீழே. நானோவுக்கு பைலட் உரிமம் தேவையில்லை. அதற்காக எங்கும் பறக்கலாம் என்று இல்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். சிவப்பு என்றால் கிட்டேயே போகாதீர்கள், மஞ்சள் என்றால் அனுமதி வாங்க வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. கோவைக்காரர்களுக்குப் பீளமேடும் சூலூரும் இருப்பதால் இது முக்கியம். கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு விடக் கூடாது. இதை எப்படியும் விட மாட்டீர்கள். அரை மீட்டர் விமானம் நூறு மீட்டர் தாண்டினாலே காக்காயா விமானமா, வருகிறதா போகிறதா என்று தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் வாங்கலாமா என்றால், வாங்கலாம். முதல் விமானம் என்ற அளவில் நான் கொடுத்த காசுக்கு இது நியாயமான பொருள். முதல் நிலையில் ஒரு வாரம், இரண்டாவதில் ஒரு மாதம், அப்புறம் தென்னை மரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில் ஏற்றிவைத்துக்கொண்டு மூன்றாவது நிலைக்கு மாற்றிப் பாருங்கள். கை நடுங்கினால் பழைய நிலைக்குச் சுவிட்சைத் தட்ட நேரம் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தனியாகக் கையில் கொடுக்காதீர்கள். பெட்டியிலேயே 14 வயது என்றுதான் போட்டிருக்கிறது.

ஆடி பிறந்ததிலிருந்து எங்களுடையது கடையில் கருகிய ஸ்டேட்டர்களுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. பையன் அடுத்ததுக்குச் சன்போர்டு நுரைப் பலகையை வெட்டி இறக்கை செய்ய ஆரம்பித்துவிட்டான். போன வாரம் மரம் ஏறுகிறவர் வந்து ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பையன் எட்டாவதாம். 2,000 சொன்னேன், தன் பங்குக்கு மூன்று தடவை ஏறியதைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். 1,500-க்கு முடிந்திருக்கிறது. நல்ல பேட்டரி ஒன்றும், அந்த 600 ஸ்டிக்கர் போட்டது ஒன்றும் தருவதாகப் பேச்சு.